முட்செடியைத் தின்னாத நெருப்பு

புனித சனி இரவு. கோவில் விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருக்க, முற்றத்தில் மூட்டிய புதுத்தீயைச் சுற்றி நாம் நிற்கிறோம். காற்று திசை மாறும்போதெல்லாம் புகை கண்ணைக் கரிக்கிறது. ஏற்றப்படாத மெழுகுதிரிகளோடு சிறுவர்கள் முன்வரிசைக்கு முண்டுகிறார்கள். குருவானவர் அத்தீயை மந்திரித்து, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றுகிறார். அந்த நெருப்பைக் கண்டு அஞ்சுவார் எவருமில்லை. ஆயினும் அதே நாம்தாம், சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் நரக நெருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டவர்கள். ஒரு நெருப்பின் முன்னே நின்று பாடுகிறோம். மற்றொன்றை நினைத்து நடுங்குகிறோம். இவை இரண்டும் ஒரே கடவுளின் நெருப்புத்தாமா? இவையன்றி மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது, மனிதர் தம் கையால் மூட்டிவிட்டு, கடவுளின் நெருப்பு என்று பெயரிட்டுக்கொள்வது. அதை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தறிவது எப்படி? இக்கேள்வியை ஓர் எபிரேயச் சொல்லின் துணைகொண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அச்சொல் 'ஏஷ்'. அலெப், ஷீன் என்னும் இரண்டே எழுத்துகள். எபிரேய விவிலியத்தில் 300க்கும் மேற்பட்ட இடங்களில் அது வருகிறது. அக்காடிய மொழியின் 'இஷாத்து', எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியாகிய கீஸின் 'எசாத்து' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். நாம் தீ, எரி, அழல், கனல், தழல் எனப் பல சொற்களை வைத்திருப்பதுபோல எபிரேயரும் சுடருக்கு ஒன்று, பந்தத்துக்கு ஒன்று, கங்குக்கு ஒன்று என வைத்திருந்தார்கள். ஆனால் அடுப்பில் எரிவதும், பலிபீடத்தில் எரிவதும், பகைவர் நகருக்கு இடுவதும், சீனாய் மலைமேல் இறங்கியதும் அவர்களுக்கு 'ஏஷ்'தான். புனித நெருப்புக்கென்று தனிச்சொல் ஒன்றை அம்மொழி ஆக்கிக்கொள்ளவில்லை. எனவே எந்த நெருப்பு எத்தகையது என்பதைச் சொல்லைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே அறிய வேண்டும்.

அது என்ன செய்கிறது? எபிரேயரின் காதில், நெருப்பு முதன்மையாகச் செய்யும் வேலை தின்பது. 'ஆகால்', அதாவது உண்ணுதல், என்னும் வினை 'ஏஷ்' என்னும் பெயரோடு மீண்டும் மீண்டும் இணைந்து வருகிறது. மனிதர் அப்பம் உண்பதற்கும் நெருப்பு வைக்கோலை அழிப்பதற்கும் அங்கே ஒரே வினைதான். தமிழருக்கு இது புதுமையன்று. ஊரில் ஒரு குடிசை எரிந்தால் நாளிதழ் 'தீக்கிரையானது' என்று எழுதுகிறது. தீக்கு இரை! எழுதுகிறவரும் நினைப்பதில்லை, வாசிக்கிற நாமும் நினைப்பதில்லை. ஆனாலும் அச்சொல்லுக்குள் வாய் திறந்த விலங்கொன்று படுத்திருக்கிறது.

தொடக்க நூலில் 'ஏஷ்' மூன்று நிகழ்ச்சிகளில் மட்டுமே வருகிறது. முதலாவது, ஆபிராமோடு ஆண்டவர் உடன்படிக்கை செய்த இரவு (தொநூ 15:17). பிளக்கப்பட்ட விலங்குகளின் கூறுகளுக்கிடையே தீப்பந்தம் ஒன்று கடந்து செல்கிறது. வாக்குத் தவறினால் எனக்கும் இக்கதி நேரட்டும் என்று சொல்வதற்கு ஒப்பானது அக்கூறுகளின் நடுவே நடப்பது. இங்கே நடந்து செல்வது நெருப்பு மட்டுமே, ஆபிராம் நடக்கவில்லை. விவிலியத்தின் முதல் நெருப்பு, கடவுள் தம்மேல் ஆணையிட்டுக்கொள்ளும் நெருப்பு. இரண்டாவது, சோதோமின்மேல் பொழிந்தது. மூன்றாவது, மோரியா மலையை நோக்கி ஆபிரகாம் தம் கையில் ஏந்திச் சென்றது. விறகை மகன் சுமக்க, நெருப்பும் கத்தியும் தந்தையின் கையில் இருக்கின்றன. கத்திக்கு அவ்விடத்தில் ஆளப்படும் எபிரேயச் சொல் 'மஅகேலெத்து'. அதுவும் உண்ணுதல் என்னும் அதே வினையிலிருந்து பிறந்தது. தின்னும் இரண்டைக் கையில் பிடித்தபடி முதியவர் ஒருவர் மலையேறுகிறார். உடன் நடக்கும் சிறுவனோ, நெருப்பும் விறகும் இருக்கின்றனவே, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். நெருப்பு எதைத் தின்னப்போகிறது என்பதுதான் ஈசாக்கின் கேள்வி. விவிலியம் முழுவதிலும் அதைவிட முக்கியமான கேள்வி நெருப்பைப் பற்றிக் கேட்கப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பிள்ளையை அது தின்னக்கூடாது என்று வானிலிருந்து குரல் வந்தது.

அடுத்து மோசேயின் முட்செடி. அங்கே நெருப்பு இருக்கிறது, எரிதல் இருக்கிறது, தின்பது மட்டும் இல்லை. செடி எரிந்தும் உண்ணப்படவில்லை என்றே மூலம் சொல்கிறது. மோசே வழியை விட்டு விலகிச் சென்று பார்த்தது இந்த வியப்பைத்தான். உலக நெருப்பு எதுவும் விறகின்றி நிற்காது. பிறிதொன்றை அழித்தே வாழ முடியும். இதுவோ தன் இருப்புக்குச் செடியை நம்பியிருக்கவில்லை. யாரையும் தின்ன வேண்டிய தேவை இல்லாத நெருப்பாகக் கடவுள் தம்மை முதன்முதலில் மோசேக்குக் காட்டினார்.

அப்படியானால், கடவுளே தின்னும் நெருப்பு, 'ஏஷ் ஓக்லா', என்று இணைச்சட்டம் கூறுவது எப்படி (இச 4:24)? எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் இதையே எடுத்தாள்கிறது. நம்மில் பலர் இத்தொடரைக் கேட்டதும் தண்டனையையே நினைக்கிறோம். ஆனால் அத்தொடரை ஒட்டியே 'எல் கன்னா' என்னும் மற்றொரு தொடர் நிற்கிறது. 'கின்ஆ' என்பது தன் அன்புக்குரியவரை எவருக்கும் விட்டுக்கொடுக்க மறுக்கும் தீவிரம். பழைய சீர்திருத்த சபை மொழிபெயர்ப்பு அதை 'எரிச்சல்' என்று தமிழாக்கியது. இன்றைய காதுக்கு அது பொருந்தாவிடினும், எரி என்னும் வேர் அச்சொல்லில் இருப்பதை மறுக்க முடியாது. இதே 'கின்ஆ'வும் இதே 'ஏஷ்'உம் மறுபடி கைகோக்கும் இடம் சட்டநூல் அன்று, காதல் நூல். இனிமைமிகு பாடலின் எட்டாம் அதிகாரத்தில், காதல் சாவுக்கு நிகரான வலிமை உடையது என்று சொல்லும் தலைவி, அதன் பொறிகளை நெருப்பின் பொறிகள் என்கிறாள். அவ்விடத்தில் அவள் ஆளும் 'ஷல்ஹெவெத்யா' என்னும் சொல்லின் கடைசி அசையில் ஆண்டவரின் பெயரே ஒளிந்திருப்பதாகக் கொள்வார் உளர். ஆகவே சீனாய் மலையில் மக்களை நடுங்கவைத்த நெருப்பும் காதலியின் நெஞ்சில் எரியும் நெருப்பும் ஒரே இரண்டு சொற்களால் பேசப்படுகின்றன.

யூத மறைநூலறிஞர் இச்சொல்லை வைத்து விளையாடிய விளையாட்டு ஒன்றை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. எபிரேயத்தில் ஆண் 'ஈஷ்', பெண் 'இஷ்ஷா'. இரண்டிலும் அலெப்பும் ஷீனும் உண்டு. ஆணிடம் கூடுதலாக யோத் என்னும் எழுத்தும், பெண்ணிடம் ஹே என்னும் எழுத்தும் இருக்கின்றன. அவ்விரண்டையும் சேர்த்தால் 'யா' என்னும் ஆண்டவரின் பெயர். அவற்றை எடுத்துவிட்டால் இருவரிடமும் எஞ்சுவது 'ஏஷ்', 'ஏஷ்'. தகுதியுள்ள கணவன் மனைவிக்கிடையே இறைப்பிரசன்னம் தங்கும், இல்லையேல் நெருப்பு அவர்களைத் தின்னும் என்று தல்மூதில் ரபி அக்கிவா பெயரால் வழங்கும் கூற்றுக்கு உரைகாரர் இவ்வாறு விளக்கம் தருவர். இது சொற்பிறப்பியல் அன்று, சொல்லாடல்தான். ஆயினும் திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் கேட்கும் நீண்ட அறிவுரைகள் பலவற்றைவிட இந்த இரண்டெழுத்துக் கணக்கு மனத்தில் தங்குகிறது.

இனி, மூன்றாவது நெருப்பு. லேவியர் நூலின் ஒன்பதாம் அதிகாரம் மகிழ்ச்சியோடு முடிகிறது. ஆரோன் முதற்பலி செலுத்த, ஆண்டவர் முன்னிருந்து நெருப்பு புறப்பட்டு வந்து பலியை உண்கிறது; மக்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுகிறார்கள். அதற்கு அடுத்து, ஆரோனின் மைந்தர் நாதாபும் அபிகூவும் தூபக்கலங்களில் தாங்களே ஒரு நெருப்பைக் கொண்டு வருகிறார்கள். ஆண்டவர் முன்னிருந்து நெருப்பு புறப்பட்டு அவர்களை உண்கிறது. பலியை உண்டதற்கும் மைந்தரை உண்டதற்கும் எபிரேய மூலத்தில் அதே சொற்கள், அதே வரிசை. அவர்கள் கொண்டுவந்ததற்கு நூலாசிரியர் இடும் பெயர் 'ஏஷ் ஸாரா', அயல் நெருப்பு. அவர்கள் குடித்திருந்தார்கள், ஆணவம் கொண்டிருந்தார்கள் என்றெல்லாம் பின்வந்தோர் காரணம் தேடினர். நூல் தரும் காரணம் ஒன்றே: அவர் அதைக் கட்டளையிடவில்லை. அவர்கள் பகைவர் அல்லர், குருக்கள். கையில் இருந்ததோ தூபம். செய்ததோ வழிபாடு. நெருப்பு அயலாவதற்கு அந்நிய நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. கோவிலுக்குள்ளேயே அது பிறக்க முடியும். இரு மைந்தரை இழந்த ஆரோன் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. மௌனமானார் என்று நூல் முடித்துக்கொள்கிறது.

அந்த மௌனத்தின் வேர்ச்சொல்லை மற்றொரு மலையில் மீண்டும் கேட்கிறோம். கார்மேல் மலையில் எலியா மன்றாட, வானிலிருந்து விழுந்த நெருப்பு பலியையும் விறகையும் கல்லையும் மண்ணையும் தின்று, வாய்க்கால் நீரையும் நக்கிவிட்டது. மக்கள் ஆண்டவரே கடவுள் என்று முழங்கினர். நம் மறையுரைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. விவிலியம் நிற்கவில்லை. அதே நாளில் எலியா பாகாலின் பொய்வாக்கினரைக் கீசோன் ஓடைக்குக் கொண்டுபோய்க் கொன்றார். அந்த வெற்றியால் எவர் மனமும் மாறவில்லை. அரசி ஈசபேல் அவர் உயிருக்கு நாள் குறித்தாள். அவர் பாலைநிலத்துக்கு ஓடி, சாவை விரும்பிப் படுத்தார். பின்னர் ஓரேபு மலைக் குகையில், நான் ஆண்டவருக்காகப் பேரார்வம் கொண்டிருந்தேன் என்று முறையிட்டார். அந்தப் பேரார்வமும் 'கின்ஆ'வின் வேர்தான். அப்போது காற்று, நிலநடுக்கம், நெருப்பு. ஆண்டவர் நெருப்பில் இல்லை. அதன்பின் 'தெமாமா', மென்மையான மௌனத்தின் ஒலி. ஆரோனின் வாயை அடைத்த மௌனமும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். இந்த ஓரேபுதான் மோசே முட்செடியைக் கண்ட மலை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்பு நெருப்பிலிருந்து பேசியவர், அதே மலையில், நெருப்பை ஆயுதமாகப் பழகிவிட்ட ஒருவருக்கு நெருப்பில் தம்மைக் காட்ட மறுத்தார்.

எலியா முழுமையாகக் கற்றுக்கொண்டாரா என்பது ஐயமே. அரசர்கள் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில், தம்மை அழைக்க வந்த படைத்தலைவர் இருவரையும் அவரவர் ஐம்பது வீரரையும் வானத்து நெருப்பு தின்ன அவர் இடம்தருகிறார். மூன்றாம் தலைவன் முழந்தாளிட்டு, தன் உயிரும் தன் ஆள்களின் உயிரும் அவர் பார்வையில் அருமையாய் இருக்கட்டும் என்று கெஞ்சுகிறான். அஞ்சாமல் அவனோடு இறங்கிப் போ என்று வானதூதர் எலியாவிடம் சொல்கிறார். இந்தப் பகுதியைத்தான் யாக்கோபும் யோவானும் மனத்தில் கொண்டிருந்தார்கள், சமாரியாவின் ஒரு சிற்றூர் இயேசுவை ஏற்க மறுத்தபோது (லூக் 9:51-56). வானிலிருந்து நெருப்பு வந்து இவர்களை அழிக்கும்படி நாங்கள் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அக்கேள்வியில் விவிலிய அறிவு உண்டு, ஆண்டவர்மேல் பற்று உண்டு, விசுவாசமும் உண்டு. தாங்கள் சொன்னால் நெருப்பு வரும் என்று அவர்கள் நம்பினார்களே! இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு வேறோர் ஊருக்குப் போய்விட்டார்கள். மண்ணுலகில் தீ மூட்டவே வந்தேன் என்று சொன்னவர், தம் பெயரால் ஓர் ஊருக்குத் தீ வைக்க இசையவில்லை.

இந்நிகழ்ச்சிக்குத் தொடர்ச்சி ஒன்று உண்டு. ஆண்டவரின் உயிர்ப்புக்குப்பின் சமாரியர் இறைவார்த்தையை ஏற்றுக்கொண்டதாக எருசலேமில் கேள்விப்பட்டதும், திருத்தூதர்கள் இருவரை அங்கே அனுப்புகிறார்கள். ஒருவர் பேதுரு, மற்றவர் அதே யோவான் (திப 8:14-17). அவர்கள் சமாரியர்மேல் கைகளை வைத்து வேண்ட, தூய ஆவியார் அவர்கள்மேல் இறங்குகிறார். சமாரியாவின்மேல் வானிலிருந்து நெருப்பு வரவேண்டும் என்ற யோவானின் பழைய வேண்டுதல், அவரே நினைத்திராத முறையில் நிறைவேறியது. பெந்தக்கோஸ்து நாளில் இறங்கியவை நெருப்பு நாவுகளைப் போன்றவை என்கிறார் லூக்கா. நெருப்பின் நாக்கு என்பது எபிரேயரின் பழைய தொடர்தான். வைக்கோலை அது தின்பதாக எசாயா பாடினார் (எசா 5:24). தின்பதற்கென்று இருந்த நாக்கு மேலறையில் பேசுவதற்கு வந்தது. ஒவ்வொருவர் தலைமேலும் அமர்ந்தது. ஒருவருடைய ஒரு மயிரும் பொசுங்கவில்லை. முட்செடி போதாதென்று, அன்று நூற்றிருபது பேர் கொண்ட கூட்டமே முட்செடியாயிற்று.

இத்தனையும் நமக்கு ஆறுதல் தருகிறதே, நரகம் என்னாயிற்று என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நற்செய்தியில் நாம் எரிநரகம் என்று வாசிக்கும் இடங்களில் மூலத்தில் இருப்பது 'கெகன்னா'. அது எருசலேமின் தெற்கே உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். எபிரேயத்தில் 'கே இன்னோம்', பென்இன்னோம் பள்ளத்தாக்கு. நகரின் குப்பைகள் அங்கே ஓயாமல் எரிந்துகொண்டிருந்தமையால் இப்பெயர் நரகத்துக்கு வந்தது என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அச்செய்திக்குப் பழங்காலச் சான்று எதுவும் இல்லை. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் வாழ்ந்த தாவீது கிம்கி என்னும் யூத உரையாசிரியர் எழுத்தில்தான் அது தலைகாட்டுகிறது. எரேமியா சொல்லும் காரணமோ மிகக் கொடியது. அப்பள்ளத்தாக்கில் தோபேத்து என்னும் மேட்டில் யூதாவின் மக்கள் தம் புதல்வரையும் புதல்வியரையும் 'ஏஷ்'இல் எரித்தார்கள் (எரே 7:31). ஆகாசு, மனாசே ஆகிய அரசர்களே தம் மைந்தரைத் தீயில் நடக்கச் செய்தார்கள். யோசியா அரசர் தம் சீர்திருத்தத்தின்போது, கி.மு. 622ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவ்விடத்தைத் தீட்டுப்படுத்தி அதற்கு முடிவுகட்டினார். எரேமியாவின் வழியாக ஆண்டவர் அதைப் பற்றிக் கூறுவது, அது தம் கட்டளையன்று, தம் இதயத்தில் எழுந்ததுமன்று என்பதே. நாதாபு, அபிகூவின் அயல் நெருப்பைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே 'கட்டளையிடவில்லை'.

நரகத்துக்கு நாம் வழங்கும் பெயர், மனிதர் பக்தியோடு தம் பிள்ளைகளை எரித்த இடத்தின் பெயர். ஈசாக்கின் கேள்விக்குத் தவறான விடை சொன்னவர்களின் இடம் அது. நரகம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. திருச்சபையின் போதனை தெளிவானது. ஆனால் நரகத்தின் நெருப்புக்குப் பெயர் தேடியபோது நம் ஆண்டவர் சோதோமைவிட அதிகமாக எடுத்தாண்டது தோபேத்தின் பள்ளத்தாக்கையே என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

இதை எழுதுகையில் நம் சொந்த வீட்டின் வரலாற்றை மறைப்பது நேர்மையாகாது. 1415 சூலை 6 அன்று கான்ஸ்தான்சு நகரில் யான் ஹுஸ் எரிக்கப்பட்டார். 1431 மே 30 அன்று ரூவான் நகரச் சந்தைவெளியில், பத்தொன்பது வயதளவே ஆன ஜோன் என்னும் பெண், ஓர் ஆயர் தலைமையேற்ற மன்றத்தின் தீர்ப்பால் எரிக்கப்பட்டாள். 1600 பெப்ரவரி 17 அன்று உரோமையில் ஜோர்தானோ புரூனோ. தப்பறைக் கொள்கையினரை எரிப்பது தூய ஆவியாரின் திருவுளத்துக்கு மாறானது என்று லூத்தர் சொன்ன கூற்று, 1520இல் திருத்தந்தை பத்தாம் லியோ கண்டித்த கூற்றுகளின் வரிசையில் ஒன்று. சீர்திருத்த சபையினரின் கையும் சுத்தமன்று. 1553இல் ஜெனீவாவில் மிக்கேல் செர்வேத்துவை எரித்தவர்கள் அவர்கள். ஆனால் அடுத்த வீட்டுச் சாம்பலைக் காட்டி நம் முற்றத்தைக் கூட்டாமல் விட முடியுமா? அந்த நெருப்புகளை மூட்டியவர்கள் வெறியர் மட்டுமல்லர். படித்தவர்கள், செபித்தவர்கள், ஆன்மாக்களின் மீட்பில் அக்கறை கொண்டவர்கள் அவர்களுள் இருந்தார்கள். தூபக்கலம் கையில் இருந்தது.

ஜோனின் தீர்ப்பு 1456இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920இல் அவர் புனிதர் பட்டம் பெற்றார். இன்று அவரிடம் வேண்டுதல் செய்கிறோம். 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1999 டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், யான் ஹுஸுக்கு இழைக்கப்பட்ட கொடிய சாவுக்காகத் தம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு மார்ச் 12 அன்று, உண்மைக்குப் பணிபுரிவதாக எண்ணிச் செய்த வன்முறைகளுக்காகத் திருச்சபை பலிபீடத்தின் முன்னே வெளிப்படையாக மன்னிப்பு வேண்டியது. காலம் கடந்ததே என்பார் உண்டு. கடந்ததுதான். செபதேயுவின் மக்களுக்குக் கிடைத்த கடிந்துரை, அவர்களுக்குப்பின் வந்த நம் காதில் விழ அவ்வளவு நூற்றாண்டுகள் ஆயின.

விறகடுக்கும் காலம் போய்விட்டது என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. பங்குப் பேரவையில், குடும்பத்தில், சொத்து வழக்கில், நமக்கு அநீதி செய்தவரை நினைத்து வயிறெரிகிறோம். வயிறெரிந்து இட்ட சாபம் பலிக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நமக்குள் எரிவது கடவுளின் நெருப்புத்தான் என்று அப்போது எளிதில் தோன்றிவிடுகிறது. சில வேளை உண்மையாகவே அப்படி இருக்கவும் கூடும். எளியவன் ஏமாற்றப்படுவதைக் கண்டு எதுவுமே எரியாத நெஞ்சைப் புனித நெஞ்சு என்று யார் சொல்வார்? இறைவார்த்தை தம் எலும்புகளுக்குள் அடைபட்ட நெருப்பாய் எரிந்ததாக எரேமியா புலம்பினார் (எரே 20:9). ஆனால் அந்த நெருப்பு யாரைத் தின்றது? எருசலேமை அன்று, எரேமியாவைத்தான் வருத்தியது. அடக்கி வைத்துச் சோர்ந்தவர் அவர். திருப்பாடல்களில் பகைவர்மேல் நெருப்புக்கங்குகள் விழட்டும் என்று கதறும் துன்புற்றோர்கூட, கங்கைத் தம் கையில் எடுக்கவில்லை. கடவுளின் கையில் விட்டார்கள். பகைவன் பசித்திருந்தால் அவனுக்கு உணவு கொடு, அதனால் அவன் தலைமேல் எரிதழலைக் குவிப்பாய் என்னும் பொருளில் நீதிமொழிகள் நூலில் ஓர் அறிவுரை உண்டு (நீமொ 25:21-22). அத்தழல் அவனுக்கு வரும் நாணமா, மனமாற்றமா, தண்டனையா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. எதுவாயினும், நம் பங்குக்கு விடப்பட்ட வேலை சோறு போடுவது.

எசாயாவின் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தில் சீயோனின் பாவிகள் நடுங்கிக் கேட்கிறார்கள்: தின்னும் நெருப்போடு, 'ஏஷ் ஓக்லா'வோடு, நம்மில் எவர் தங்க முடியும்? எவராலும் முடியாது என்ற விடையைத்தான் நாம் எதிர்பார்ப்போம். இறைவாக்கினரோ முடியும் என்கிறார்; தங்கக்கூடியவரின் அடையாளங்களையும் சொல்கிறார். நேர்மையாய் நடப்பவர், கொடுமை செய்து வரும் வருவாயை வெறுப்பவர், கையூட்டுப் படாதபடி கையை உதறுபவர், இரத்தம் சிந்தும் திட்டங்களுக்குச் செவியை அடைப்பவர். அத்தகையோர் நெருப்புக்குத் தப்பி ஓடுவோர் அல்லர், நெருப்பில் குடியிருப்போர். அங்கே ஆளப்படும் வினை, வேற்று வீட்டில் விருந்தாகத் தங்குவதைக் குறிக்கும் 'கூர்'. ஆக, நல்லவருக்கு ஒன்று, தீயவருக்கு ஒன்று என இரு நெருப்புகள் இல்லை. கையில் கையூட்டு இருப்பவனுக்கு எந்த நெருப்பு தின்னும் வாயோ, கையை உதறியவனுக்கு அதுவே வீடு. பாபிலோனின் சூளைக்குள் மூன்று இளைஞர் உலவினார்கள் என்றால், அவர்கள் கட்டுகள் மட்டும் எரிந்துபோயின. ஞாயிறு காலைத் திருப்புகழில் நாம் பாடும் அவர்களது பாட்டில் நெருப்பும் ஆண்டவரை வாழ்த்த அழைக்கப்படுகிறது.

உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லித்தந்ததையும் இந்த ஒளியில் பார்க்கலாம். 2007 நவம்பர் 30 அன்று வெளியான தம் சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், எரிக்கவும் மீட்கவும் செய்கிற அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று கருதும் இறையியலாரின் எண்ணத்தை எடுத்துரைத்தார். அவருடைய பார்வை நம்மேல் படும்போது, நம்மில் பொய்யாய் இருப்பவை எரிகின்றன, அது நோகும், நோவே நலமாகும். அப்பார்வையில் நாமே அழிந்துபோவதில்லை.

பார்வையும் நெருப்பும் பேதுருவின் வாழ்க்கையில் அடுத்தடுத்து வந்தன. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு எரிந்தது. குளிருக்காக அதன் அருகில் நின்றுகொண்டே அவர் ஆண்டவரை மறுதலித்தார். யோவான் அந்தக் கரிநெருப்புக்கு ஆளும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் விடியற்காலையில் மூட்டி வைத்தது. வலையிழுத்துக் களைத்த ஏழு பேர் கரையேறுகிறார்கள். வானத்து நெருப்பைச் சமாரியாவுக்குக் கேட்ட செபதேயுவின் மக்கள் இருவரும் அவர்களுள் இருந்தார்கள். கனலின்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, அருகில் அப்பம். பேதுரு அந்த வாடையை உடனே அடையாளம் கண்டிருக்க வேண்டும். தம்மை என்ன கேட்கப்போகிறார் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். ஆண்டவர் அவர்களைச் சாப்பிட அழைத்தார், அப்பத்தை எடுத்துத் தம் கையால் கொடுத்தார், மீனையும் கொடுத்தார். அன்பு செய்கிறாயா என்னும் கேள்வி, மூன்று முறையும், அவர்கள் உண்டு முடித்த பிறகே வந்தது.